எருமைக் குட்டையில் மாடி வீடு

ராயபுரம்,
9 மார்ச் 1930

அண்ணா,

மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். உறையைப் பிரித்ததும் ஏதாவது நாறினால் கப்பல்காரனைத் திட்டாதே. நேற்று நைனா என்னையும் அம்மாவையும் கொருக்குப்பேட்டைக்கு அழைத்துப்போய் நம் மனையைக் காட்டினார். மனை வாங்கினாரா, மணம் வாங்கினாரா என்று எனக்கு இன்னும் தெளியவில்லை.

உனக்கு அந்த இடம் தெரியும். கூட்ஸ் வண்டித் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் எருமைகள் கழுத்துவரை அமிழ்ந்து கிடக்குமே, அதே எருமைக் குட்டைதான். நீ ரங்கூனுக்குப் போன இந்த ஆறு வருஷத்தில் எருமைகள் போய்க் குப்பை வண்டிகள் வந்தன. மீன் தலை, தோல் மண்டியில் சீவி எறிந்த மயிரும் சவ்வும், கசாப்புக்கடை எலும்பு, எச்சில் இலை, செத்த நாய் என்று ஊர் கழித்ததையெல்லாம் குட்டை விழுங்கியது. வயிறு நிரம்பியதும் ராமசுப்பு என்ற மனை வியாபாரி மேலே ஒரு சாண் உயரத்துக்குச் செம்மண் சரளையைக் கொட்டி, உருளையை ஓட்டி, ‘சுந்தரத் தோட்டம்’ என்று பலகை நட்டுவிட்டார். தோட்டமாம்! தொட்டி அண்ணா, குப்பைத் தொட்டி.

நைனா எப்படி ஏமாந்தார் தெரியுமா? போன வருஷம் தபசுகாலப் பிரசங்கத்தில் பங்குச் சாமியார் மணல்மேல் வீடு கட்டிய முட்டாளைப் பற்றி நெடுநேரம் முழங்கினார். நாம்தான் மூன்று தலைமுறையாகக் கடற்கரை மணலில் ஓலைக் குடிசை போட்டு இருக்கிறோமே! கோயிலில் அத்தனை பேர் இருக்க, சாமியார் தன்னைத்தான் சொன்னார் என்று நைனா எடுத்துக்கொண்டார். அன்றுமுதல் கெட்டித் தரை, கெட்டித் தரை என்று ஒரே ஜபம். வாங்கும்போது மிதித்துப் பார்த்தது போதாதென்று, நேற்றும் எங்கள் முன்னால் செருப்பைக் கழற்றினார். கட்டுமரம் ஏற்ற இடம் பார்ப்பாரே, அதேபோல் குதிகாலால் ஓங்கி ஓங்கி மிதித்தார். தண்ணீர் கசியவில்லை, கால் அமுங்கவில்லை. “பாறைடி இது! பாறை!” என்று அம்மாவிடம் சொன்னார். கடற்கரைக்காரன் குதிகாலுக்கு ஈர மணல் தெரியும், காய்ந்த மணல் தெரியும். சரளைச் சட்டை போட்ட குப்பையை அது எங்கே கண்டது?

அம்மா மெதுவாக, “இன்னாங்க, கலீஜா நாறுதே” என்றாள்.

“அது காத்து தாயே. மேற்கால இருந்து வருது” என்றார் ராமசுப்பு. காற்று அப்போது கிழக்கே கடலிலிருந்துதான் அடித்துக்கொண்டிருந்தது.

மணல்மேல் கட்டாதே என்ற சாமியார், குப்பைமேலும் கட்டாதே என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கக் கூடாதா? நீயோ கண்ணால் பாராமலே ‘சரி’ என்று நைனாவுக்கு எழுதிவிட்டாய். தயவுசெய்து ‘வேண்டாம்’ என்று இன்னொன்று எழுது. உன் பேச்சை அவர் கேட்பார். என் பேச்சைக் கேட்டால் அதில் ஏதாவது குறும்பு இருக்கும் என்று தேடுவார்.

மூச்சடக்கிக்கொண்டு,
எல்சி

*

ரங்கூன்,
25 மார்ச் 1930

அன்புத் தங்கை எல்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாறவில்லை. ஆனால் அதில் இருந்த அகங்காரம் நாறியது.

நீ பதினாறு வயதுப் பெண். கன்னியர் பள்ளியில் நாலு எழுத்துப் படித்துவிட்டால் தகப்பனாரின் குதிகாலைப் பரிகாசம் செய்யலாம் என்று யார் சொன்னது? ஐப்பசி தோறும் ஒழுகும் ஓலைக்குக் கீழே அம்மா சட்டியும் பானையும் வைத்துக்கொண்டு விழித்திருந்தது உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. நான் இங்கே அரிசி ஆலையில் மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டு ஆறு வருஷமாகத் தூசியை விழுங்குவது எதற்காக? அவள் செங்கல் சுவருக்குள் படுக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

நாற்றம் என்கிறாய். நாற்றம் காய்ந்துபோகும். நான் குடியிருக்கும் தெருவே ஒரு காலத்தில் ஆற்றோரச் சதுப்பு. வெள்ளைக்காரர்கள் மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கி நகரம் கட்டினார்கள். அதன்மேல் நான்கு அடுக்குச் செங்கல் கட்டடம், மூன்றாம் மாடியில் நானும் என் தோழன் மாசானமும். எங்கள் வீட்டுக்காரரின் தகப்பனார் காலத்துக் கட்டடம். இன்றுவரை ஒரு விரிசல் இல்லை. இந்த ஊருக்கு வடக்கே தங்கப் பகோடா நிற்கும் செம்பாறைக் குன்று இருக்கிறது. அங்கே துரைமார் இருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு யார் குன்று கொடுப்பார்கள்?

வீட்டுப் படம் ஒன்று வரைந்து அனுப்பியிருக்கிறேன். கீழே இரண்டு அறை, மேலே மாடியில் ஓர் அறை. மாடி ஜன்னல் கடலைப் பார்த்து இருக்க வேண்டும் என்று நைனாவிடம் சொல். ஜூன் கடைசியில், ராயப்பர் திருநாளுக்கு மறுநாள், சாமியாரைக் கொண்டு அஸ்திவாரக் கல் மந்திரிக்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை உன் குறும்புகளை மூட்டை கட்டி வை.

மாசானம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். உன் கடிதம் வந்தால் அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டு ஓடிவந்து, “ஒங்க தங்கச்சி இன்னைக்கு யார வையுதா?” என்று கேட்பான். அவனுக்காகவாவது கொஞ்சம் மரியாதையாக எழுது.

இப்படிக்கு,
அண்ணன் சவரிநாதன்

*

ராயபுரம்,
20 ஏப்ரல் 1930, பாஸ்கு ஞாயிறு

மரியாதைக்குரிய மாடி அண்ணா அவர்களுக்கு,

ஆண்டவர் கல்லறையிலிருந்து எழுந்தார். எருமைக் குட்டையும் எழுந்தது.

கொத்தனார் போன வாரம் சோதனைக்குழி தோண்டினார். நானும் நைனாவுக்குச் சோறு எடுத்துப்போனேன். (எடுத்துப்போன சோறு எடுத்தபடியே வீடு திரும்பியது. யாருக்கும் தொண்டையில் இறங்கவில்லை.) சரளைத் தோலை உரித்ததுமே கடப்பாரை யாரும் குத்தாமல் தானாக உள்ளே போனது. அப்படியே நின்று, மெல்லச் சாய்ந்து, இன்னும் ஒரு முழம் போனது. கூழில் கரண்டி சாய்வதுபோல. இழுத்தபோது ‘சளக்’ என்று ஒரு சத்தம். கறுப்பாகத் தண்ணீர் ஊறியது, அதில் குமிழிகள். ஒவ்வொரு குமிழி உடையும்போதும் அழுகல் நாற்றம் முகத்தில் அறைந்தது. பிறகு வந்தன பொக்கிஷங்கள்: குதிரைத் தாடை ஒன்று, பல்லெல்லாம் பத்திரமாக. கம்பளி மாதிரி இறுகிப்போன தோல் மயிர். நெத்திலி என்று இன்னும் அடையாளம் தெரிகிற ஏதோ. ஓர் ஒற்றைச் செருப்பு. கூலியாட்கள் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டார்கள். ஒருவர் வேப்பமரத்தடிக்குப் போய்க் குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை.

நைனா என்ன சொன்னார் தெரியுமா? “நல்ல ஒரம்.”

கொத்தனார், “அஸ்திவாரத்த அகலமா போட்டுட்டா நிக்கும் தண்டலே” என்றார். தோணியாட்களுக்குத் தலைவர் என்று நைனாவைத் துறைமுகத்தில் மட்டுமல்ல, இங்கேயும் தண்டல் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருக்கு அதில் உச்சி குளிர்ந்துவிட்டது.

குறும்புகளை மூட்டை கட்டச் சொன்னாய். கட்டினேன். குதிரைத் தாடையைக் கழுவித் துடைத்து ராமசுப்புவின் மடக்கிய குடைக்குள் வைத்துக் கட்டினேன். வெயிலுக்கு அவர் குடையை விரித்தார். தாடை அவர் தோளில் விழுந்து ஒரு முத்தம் கொடுத்தது. “ஐயையோ!” என்று அவர் அலறியது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் என் தோழி அஜீசாவின் வீடுவரை கேட்டிருக்கிறது.

அதற்காக நைனா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. நீயும் பேசாமல் இருப்பாய். இருங்கள். நான் அந்த வீட்டுக்குள் காலை வைக்கமாட்டேன்.

தாடையுடன்,
எல்சி

*

ராயபுரம்,
9 மே 1930

அண்ணா,

ரங்கூனில் பூமி நடுங்கியதாகக் கோயில் வாசலில் பத்திரிகையை வைத்துப் படித்தார்கள். அங்கே இங்கே சுவர் சாய்ந்ததாம். அதனால்தான் அந்த ஊருக்கு ரங்-கூன் என்று முன்கூட்டியே பெயர் வைத்தார்களோ? உன் நான்கு அடுக்குக் கட்டடத்துக்கும் கூன் விழுந்ததா? ஒரு விரிசல் இல்லை என்று பீற்றிக்கொண்டாயே, இப்போதாவது ஒன்று விழுந்ததா?

அம்மா காலையிலிருந்து சாப்பிடவில்லை. உடனே ஒரு வரி போடு. என்னைத் திட்டியாவது போடு.

எல்சி

*

ரங்கூன்,
19 மே 1930

எல்சி,

உயிரோடு இருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கும். விரல்களில் நகம் இல்லை.

உன் ரங்-கூன் கடிதம் வந்த அன்றுதான் மாசானத்தின் சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டு வந்தேன். படித்தேன். கிழிக்க நினைத்தேன். கிழிக்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் அவன் சிரித்திருப்பான்.

நடந்ததை ஒரே தடவை எழுதுகிறேன். மறுபடி கேட்காதே.

அன்று திங்கட்கிழமை. ஆலை மானேஜர் துரையிடம் கையெழுத்து வாங்க அந்திக்குப் பிறகு குன்றுக்குப் போயிருந்தேன். தாழ்வாரத்தில் நிற்கும்போது தரை ஒருமுறை உதறியது. மேலே தொங்கிய விளக்கு ஊஞ்சல் ஆடியது. தேநீர்க் கோப்பைகள் தட்டில் கிணுகிணுத்தன. துரை, “பூமிக்கு விக்கல்” என்று இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். துரை சிரித்தால் சிரிக்கத்தானே வேண்டும்? ஒரு கோப்பைகூட உடையவில்லை.

பிறகு கீழே இறங்கினேன். இறங்க இறங்க விளக்குகள் குறைந்தன. கூச்சல் கூடியது. ஆற்றோரம் எங்கள் தெருவில் தூசிதான் நின்றது. மூன்றாம் மாடி தரைமட்டத்தில் கிடந்தது. இரண்டாம் மாடி எங்கே என்று தெரியவில்லை. மாசானம் எனக்கும் சேர்த்து உலை வைத்திருந்தான். மறுநாள் மத்தியானம்தான் அவனை எடுத்தோம். பக்கத்தில் சோற்றுப்பானை நசுங்கி, சோறு சுண்ணாம்போடு கலந்து கிடந்தது. அதை ஈ மொய்த்தது. 

எல்சி, ஒரே ஊர். ஒரே நொடி. ஒரே நடுக்கம். குன்றில் பாறை ஆடியது, கோப்பை கிணுகிணுத்தது. கீழே நிரப்பின மண், ஈரத்தில் ஊறின மண். தட்டில் வைத்த கூழைத் தட்டிப் பார். தட்டு ஒரு தடவை அசைந்து நின்றுவிடும், கூழ் நிற்காது. அதுதான் நடந்தது. எங்கள் கட்டடத்தின் அஸ்திவாரக் குழியை இப்போது யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். கறுப்புச் சேறு. அதில் நீ எழுதியதுபோலவே குமிழி. மேலே அத்தனை கனத்தை ஏற்றி வாடகை வாங்கினார்கள். அடுத்த சந்தில் பர்மியர்களின் மரவீடுகள் அதே சேற்றில் தத்தளித்து ஆடிவிட்டு நிற்கின்றன. செங்கல் விழுந்தது.

ராமசுப்பு மாதிரி ஒருவன் இந்த ஊரிலும் அன்று பலகை நட்டிருப்பான். அவனை நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது. ‘சரி’ என்று எழுதிய என்னை நினைத்தாலும் அப்படித்தான்.

கட்டவேண்டாம். நைனாவிடம் சொல். கட்டவேண்டாம்.

சவரி

*

ராயபுரம்,
1 ஜூன் 1930

என் அண்ணா,

உன் கடிதத்தை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள். மாசானம் அண்ணன் வந்த இடத்தில் அம்மா அதைப் பிடுங்கிப்போய் மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்து முழங்காலில் விழுந்தாள். அந்த ரங்-கூனை எழுதிய கையை இரண்டு நாள் பார்க்கவே பிடிக்கவில்லை எனக்கு. இதற்குமேல் எழுதினால் நீ மேலும் வருந்துவாய். விடுகிறேன்.

நைனா வெளியே போய் வலைக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்றுவிட்டு வந்தார். வந்து சொன்னார்: “பூமி ஆடறதுக்கு இது இன்னா ரங்கூனா? மெட்ராஸ் இது. எங்க தாத்தா காலத்துலேர்ந்து ஒரு பானை உருண்டது கிடையாது. பய பயந்துகினு எய்திக்கிறான். வூடு எழும்பட்டும், வந்து பாத்தான்னா சரியாப் பூடும்.”

ராமசுப்பு ஒருபடி மேலே போனார். துக்கம் விசாரிப்பதுபோல வந்து, நம் பாயில் உட்கார்ந்து, நம் காப்பியைக் குடித்துக்கொண்டு, “அது பர்மாக்காரன் மண்ணு, தண்டலே. பௌத்தன் மண்ணு. நம்மது பரிசுத்தமான மண்ணு” என்றார். பரிசுத்தம்! உள்ளே செத்த நாய் படுத்திருக்கும் பரிசுத்தம்! அவர் வைத்த தம்ளரை அம்மா மூன்று தடவை சாம்பல் போட்டுத் தேய்த்தாள். சொல்லாமலே அவளுக்கும் என் எண்ணம்தான் என்று அப்போது தெரிந்தது.

எனக்கு ஒரு யோசனை. இங்கே பூமி ஆடாது என்பதுதானே நைனாவின் வாதம்? ஆடுகிறதே! ஒவ்வொரு நாளும் ஆடுகிறது. கூட்ஸ் வண்டி போகும்போது. நீ சொன்ன குன்றும் சேறும் கொருக்குப்பேட்டையிலேயே இருக்கின்றன. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் எருமைக் குட்டை. அந்தப் பக்கம் அதே தூரத்தில் அஜீசா வீடு. ரயில் வருவதற்கு முன்பிருந்தே இருக்கிற இறுகின மேடு அது, கிணறு தோண்டுபவர்கள் திட்டிக்கொண்டே தோண்டுவார்களாம். நானும் அஜீசாவும் நேற்று விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய தம்ளர்களை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தோம். ஒரே வண்டிதான் போயிற்று. அவள் பக்கம் தண்ணீர் மேல் லேசாக மயிர்க்கூச்செறிந்தது. என் பக்கம் வழிந்தது.

இதை அஸ்திவாரம் மந்திரிக்கும் நாளில் எல்லோர் முன்னும் காட்டப்போகிறேன். குறும்பு என்றுதான் சொல்வார்கள். நீ முன்கூட்டியே உத்தரவு கொடு. உன் உத்தரவு இல்லாமல் இனி ஒன்றும் செய்யப்போவதில்லை.

எல்சி

*

ரங்கூன்,
14 ஜூன் 1930

எல்சி,

செய்.

ஒன்று மட்டும் மறக்காதே. நம் கடற்கரை மணல் உத்தமம் என்று யாரிடமும் பேசாதே. நடுக்கம் இன்னும் கடுமையாக இருந்த பெகு ஊரில் ஈர மணல் வாயைத் திறந்து தண்ணீரைக் கக்கியதாக அங்கிருந்து வந்தவர்கள் சொல்கிறார்கள். மணலும் நம்பக்கூடியதில்லை. ஓலை கனமில்லாதது, அவ்வளவுதான்.

இங்கே துறையில் கூலிகளுக்குள் வேறு ரத்தக்களரி நடந்து ஓய்ந்திருக்கிறது. அம்மாவிடம் சொல்லாதே. ஆலை முற்றத்தில் மூட்டைகளுக்கு நடுவில் வானத்தைப் பார்த்துப் படுக்கிறேன். மழை வந்தால் நனைகிறேன். கூரைக்குக் கீழே போனால் மூச்சு முட்டுகிறது. ஒரு லாரி போனாலும் எழுந்து ஓடுகிறேன். பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள்.

சவரி

*

ராயபுரம்,
1 ஜூலை 1930

அண்ணா,

நேற்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன், நிதானமாக உட்கார்ந்து படி.

சரளைமேல் பலகை பெஞ்சுகள். பெஞ்சில் ராமசுப்பு ஜரிகை வேட்டியில். பக்கத்து மனைக்காரர் துரை (உன் ஆலைத் துரை மாதிரி இல்லை, இவர் பெயரே துரை), அவர் மனைவி கெங்கம்மா. கல்லை மந்திரித்து முடித்த கையோடு பங்குச் சாமியார். குழியிலிருந்து வரும் நாற்றத்துக்குச் சாம்பிராணி போட்டார்கள். சாம்பிராணியும் அழுகலும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று மோந்தவர்களுக்குத்தான் தெரியும். நான் ஒவ்வொருவருக்கும் பாயசம் கொண்டுவந்து வைத்தேன். தம்ளரின் விளிம்புக்கு மேலே பாயசம் தொந்தி தள்ளி நின்றது.

“இன்னா பாப்பா, இன்னைக்கி தாராளமா கீதே!” என்றார் ராமசுப்பு.

“உங்க தோட்டத்துல எல்லாமே தாராளந்தான்” என்றேன்.

நிலக்கரி வண்டி வந்தது. முதலில் பாதங்களில் ஒரு கூச்சம். பிறகு பெஞ்சு முனகியது. பாயசத்தில் வட்டம் வட்டமாக வந்து, எல்லாத் தம்ளரும் ஒரே நேரத்தில் வழிந்தன. ராமசுப்புவின் ஜரிகை வேட்டியில் முந்திரிப்பருப்போடு ஓர் ஆறு ஓடியது. வண்டி போன பிறகும் கொஞ்ச நேரம் ஆடிற்று அண்ணா, நீ சொன்ன கூழ் மாதிரி.

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

“பெஞ்ச ஆட்டினியாடி?” என்று நைனா கையை ஓங்கினார்.

“சத்தியமா இல்ல நைனா!”

“குடைல தாடை வச்சவதான நீ! உன் சத்தியம் எனக்குத் தெரியாதா?”

அங்கேதான் எனக்கு அடி விழுந்தது, கன்னத்தில் அல்ல. இத்தனை நாள் விளையாடி விளையாடி என் வாயில் உண்மைக்கு இடமே இல்லாமல் செய்துவைத்திருக்கிறேன்.  அழுகைதான் வந்தது.

அப்போது சாமியார் மெல்லக் குனிந்தார். தீர்த்தச் செம்பைத் தரையில் வைத்திருந்தார். செம்பைச் சுற்றிச் சரளை நனைந்திருந்தது. “இஸ்தானிஸ்லாஸ்,” என்று நைனாவைக் கூப்பிட்டார். “இதைத் தொட இவளுக்குக்கூடத் தைரியம் வராது.”

நைனா செம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். “அடுத்த வண்டி எப்போ?” என்றார்.

சாமியார் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். ராமசுப்பு வேட்டியைக் கழுவப் போனவர் திரும்பவில்லை. நைனா வெறுங்காலோடு வெயிலில் நின்றார். அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். அடுத்த வண்டி வந்தபோது நைனா கண்ணை மூடிக்கொண்டார். போனதும் தண்டவாளத்தைத் தாண்டி அஜீசா வீட்டு முற்றத்துக்குப் போனார். அஜீசா மூங்கில் தட்டிக்குப் பின்னாலிருந்து, “இங்கயும் பாயசம் கீது மாமு, ஒரு சொட்டு சிந்தல, வந்து பாருங்க” என்றாள். அவர் தம்ளரைப் பார்க்கவே இல்லை. அங்கேயும் வெறுங்காலோடு நின்று இன்னொரு வண்டிக்குக் காத்திருந்தார். அது வந்து போயிற்று.

திரும்பி வந்து அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார்: “வியாகுலம், முப்பது வருசமா தண்டலா கீறேன். கால் கீய இன்னா கீதுன்னு என்னைக் கேக்கணும். அந்தாண்ட இருக்கறது தரை. இது தரை இல்ல. தோணி. சும்மா கட்டிப்போட்டு வச்சிக்கிறான், அவ்ளோதான்.”

“தோணி மேல எவனாவது செங்கல் வூடு கட்டுவானா?” என்றார். பிறகு தன் குதிகாலையே திருப்பிப் பார்த்துக்கொண்டார், அது வேறு யாருடைய காலோ என்பதுபோல.

அஸ்திவாரக் கல்லைத் துணி துவைக்க வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். மந்திரித்த கல். இனி நம் துணிகளெல்லாம் மோட்சம் போகும்.

எல்சி

*

ரங்கூன்,
20 ஜூலை 1930

எல்சி,

வீட்டுப் படத்தின் இன்னொரு பிரதி என்னிடம் இருந்தது. மாடி அறையையும் ஜன்னலையும் ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்பில் போட்டேன். எரிய ஒரு கணம்தான் ஆயிற்று. ஆறு வருஷம்.

இங்கே விழுந்த இடத்தில் மறுபடி கட்டுகிறார்கள். அதே சேறு. அதே பழைய செங்கல், சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு அடுக்குகிறார்கள். எந்தச் செங்கல் எவன்மேல் விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் என்னிடம், “மூன்றாம் மாடி உங்களுக்கே ஒதுக்கி வைக்கட்டுமா?” என்று கேட்டார். அன்போடுதான் கேட்டார். நான் தெருவோரம் போய் வாந்தி எடுத்தேன்.

மாசானத்தின் பெட்டியை அவன் தாயாரிடம் சேர்க்க வேண்டும். அக்டோபர் கப்பலில் வருகிறேன். என்னை எங்கே படுக்கவைப்பீர்கள் என்று மட்டும் எழுது. செங்கல் இருக்கும் இடத்தில் வேண்டாம். குன்றில் அந்த விளக்கு ஆடியபோது நான் சிரித்தேன் எல்சி. அதே நொடியில்தான் அவன்மேல் விழுந்தது. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

சவரி

*

ராயபுரம்,
14 செப்டம்பர் 1930

அண்ணா,

முதலில் அருவருப்பான செய்தி. சுந்தரத் தோட்டம் கடைசியில் தோட்டமாகிவிட்டது. ராமசுப்பு வாழ்க்கையில் தெரியாமல் ஓர் உண்மை சொல்லிவிட்டார். மனையைத் திருப்பி வாங்கிக்கொள்ள அவர் மறுத்ததும் நைனா சரளையைக் கொத்திவிட்டுப் பூசணி விதை போட்டார். மீன் தலையும் நாயும் குதிரையும் தின்று வளர்ந்த கொடி பேய் மாதிரி ஓடி வேலியைத் தாண்டித் தண்டவாளத்தைத் தொடப் பார்க்கிறது. ஒவ்வொரு காயும் சாமியார் தலை அளவு. அம்மா குழம்பு வைக்கிறாள். நைனா இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிடுகிறார். நான் தொடவில்லை. நீ வந்தாலும் தொடாதே.

இரண்டாவது செய்தி இன்னும் அருவருப்பு. பக்கத்து மனைத் துரை எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர். அவர் காலும் நனைந்தது. “கூட்ஸ் வண்டியா வந்து வூட்டத் தள்ளப்போவுது?” என்று சிரித்துவிட்டு அஸ்திவாரம் போட்டார். இப்போது மாடிச் சுவர் எழும்புகிறது. கெங்கம்மா மட்டும் நம் வீட்டுக்கு வந்து, “அந்த ரங்கூன் கடுதாசிய இன்னொரு தபா படியேன்” என்றாள். படித்தேன். கேட்டாள். எழுந்து போனாள். அவள் பேச்சை அங்கே யார் கேட்கிறார்கள்? அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ரயில் வரும் நேரம் பார்த்துத் தம்ளரில் தண்ணீர் ஊற்றிவைத்து, யாருடையது முதலில் வழிகிறது என்று பந்தயம் கட்டி விளையாடுகிறார்கள். என் குறும்புதான். நான் கண்டுபிடித்ததுதான். அவர்கள் கைதட்டும்போது நான் காதைப் பொத்திக்கொள்கிறேன்.

படுக்கை கேட்டாயே. கடலைப் பார்த்த பக்கம் குடிசையை ஒட்டி உனக்குப் புதிதாக ஒரு பத்தி இறக்கியிருக்கிறோம். நைனாவே நின்று கட்டினார். நாலு சவுக்குக் கழி, மேலே தென்னோலை, கீழே பாய். செங்கல் என்று சொல்ல அடுப்புக்கல்கூட அந்தப் பக்கம் இல்லை. ஜன்னல் கிடையாது, ஏனென்றால் சுவரே கிடையாது. மாடியிலிருந்து பார்க்க நினைத்த கடலைப் படுத்தபடியே பார்க்கலாம். ஐப்பசியில் ஒழுகும். அம்மா சட்டி பானைகளை இப்போதே கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

நம் மணல் ஆடாது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். என் சத்தியத்துக்கு இன்னும் விலை ஏறவில்லை. ஆடினால் ஆடட்டும். தலையில் ஓலை விழும். நீ முடியெல்லாம் சருகோடு எழுந்து உட்காருவாய். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

இந்தத் தடவை நீயும் சிரிக்கலாம் அண்ணா. யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

எல்சி